எட்டரை லட்சம் ரூபாய் டால்பின்

நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஒரு டால்பின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. நீச்சல் குளம் மாதிரி ஒரு தொட்டி. லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு சின்னப் பையன் மிதக்கிறான். டால்பின் வந்து மூக்கால் அவன் காலைத் தொடுகிறது, பையன் சிரிக்கிறான், பின்னணியில் வயலின் உருகுகிறது. கீழே, "ஆட்டிசத்துக்கு இயற்கை தந்த மருந்து. டாக்டர்கள் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்" என்று ஒரு வரி.

குறைந்தது பத்துப் பேர் எனக்கு அதை அனுப்பி "உண்மையா டாக்டர்?" என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர்கள் சொல்ல மாட்டாங்களாம். சரி, ஒரு டாக்டரே சொல்றேன், கேளுங்க.

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு அம்மா என் கிளினிக்கில் இதையே கேட்டார். அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் பொதுநல மருத்துவர். காய்ச்சல், சுகர், பிரஷர், நாய்க்கடி, எல்லாம் பார்க்கிற ஆள். அந்தப் பையனுக்கு அப்போது ஏழு வயது. மூன்று வயதிலேயே மதுரையில் ஒரு குழந்தைகள் நரம்பியல் நிபுணர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் சளி, இருமலுக்கு மட்டும் வருவான். நாலைந்து வார்த்தை பேசுவான். கையில் எப்போதும் ஒரு நீல ரப்பர் டால்பின் இருக்கும். வால் பக்கம் கடித்துக் கடித்துப் பாதி காணோம். அப்பா கத்தாரில் ஏசி மெக்கானிக்.

அன்றைக்கு அந்தம்மா தனியாக வந்தார். பையில் இருந்து ஒரு பளபளப்பான கையேட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெளிநாட்டில் ஓர் இடம். பத்து நாள் "டால்பின் தெரபி", தினமும் அரை மணி நேரம் தொட்டியில். தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு எட்டரை லட்சம் ரூபாய்.

"தாலிக்கொடி தவிர மத்ததெல்லாம் அடகு வச்சா நாலு வந்துரும் மேடம். மிச்சத்துக்கு அவுக கம்பெனில கேட்டிருக்காக. ஒரு ஆறு மாசம் பேச்சுப் பயிற்சிய நிறுத்திட்டா அதுவும் மிச்சம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

"போனா பேசிருவானா மேடம்?"

இந்த மாதிரி கேள்விக்கு முகத்துக்கு நேரா "அதெல்லாம் சும்மா"ன்னு சொல்லி அனுப்பினால் அவங்க வேற டாக்டர்கிட்ட போவாங்க, இல்லன்னா டாக்டரே வேண்டாம்னு நேரா டிக்கெட் போடப் போவாங்க. இரண்டு நாள் டைம் கேட்டேன். உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

டால்பின் தெரபி என்கிற எண்ணத்தை 1970களில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் பெட்ஸி ஸ்மித் என்கிற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர். மனவளர்ச்சிக் குறைபாடு கொண்ட தன் தம்பி டால்பின்களோடு தண்ணீரில் இருந்தபோது, அவை அவனிடம் வழக்கத்துக்கு மாறாக மென்மையாக நடந்துகொண்டதைக் கவனித்து, அதிலிருந்து தொடங்கினார். முக்கியமான விஷயம் அடுத்ததுதான். அதே ஸ்மித் பிற்பாடு அந்த வேலையை விட்டு விலகினார். பலவீனமான மனிதர்களையும் பலவீனமான விலங்குகளையும் ஒருசேரச் சுரண்டுகிற தொழிலாக அது ஆகிவிட்டது என்பது அவர் நிலைப்பாடு. தொடங்கி வைத்தவரே வேண்டாம் என்று சொன்ன சிகிச்சை, ஆனால் கையேட்டில் அந்தப் பகுதி மட்டும் அச்சாகவில்லை.

அடுத்து லோரி மரீனோ என்கிற நரம்பியல் விஞ்ஞானியும் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்கிற உளவியலாளரும். டால்பின் தெரபி பலன் தருகிறது என்று சொன்ன ஆய்வுகளை 1998இல் ஒருமுறை, 2007இல் மறுபடி ஒருமுறை எடுத்துப் பிரித்து மேய்ந்தார்கள். முதல் கட்டுரையின் தலைப்பு ஏறக்குறைய "ஓட்டைத் தரவு, ஓட்டை முடிவு" என்ற பொருளில் இருக்கும். இரண்டாவது "இன்னும் ஓட்டைத் தரவு, இன்னும் ஓட்டை முடிவு". ஆய்வுக் கட்டுரைக்கு இப்படித் தலைப்பு வைக்கணும்னா எவ்வளவு கடுப்பாகியிருக்கணும் பாருங்க. அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: புது நாடு, நீச்சல், சூரிய வெளிச்சம், வேலையை மறந்து பிள்ளையோடு பத்து நாள் இருக்கும் அப்பா அம்மா, "சரியாயிடும்" என்கிற எதிர்பார்ப்பு, இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. முன்னேற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வுகளில் வழியே இல்லை. நீண்ட காலப் பலனுக்கும் ஆதாரம் இல்லை.

டால்பின் எழுப்பும் அல்ட்ராசவுண்ட் மூளையைத் தூண்டுகிறது என்று அந்தக் கையேட்டில் ஒரு பக்கமே இருந்தது, மூளைப் படத்தோடு. டால்பின் ஒலி எழுப்புவது உண்மை. அந்த ஒலி திரும்பி வருவதை வைத்துத்தான் இரை எங்கே என்று கண்டுபிடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு 'கிளிக்'கும் கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. பிசியோதெரபியில் நாங்கள் வைக்கிற அல்ட்ராசவுண்ட், ஜெல் தடவி, ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில், நாள் கணக்கில் கொடுப்பது. கார்ஸ்டன் பிரென்சிங் என்கிற ஜெர்மன் ஆய்வாளரும் அவரது குழுவும் 2003இல் இதைத்தான் நேரடியாகப் பரிசோதித்தார்கள். டால்பின்கள் நோயாளிகளிடம் நடந்துகொண்ட விதத்தில் சிகிச்சை என்று சொல்லும் அளவு எதுவும் பொருந்தி வரவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லணும். ஒரே ஒரு ஆய்வு என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மிதமான மனச்சோர்வு உள்ள 30 பேரை ஹோண்டுராஸுக்குக் கூட்டிப்போய், குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை டால்பின்களோடு நீந்தவும், மற்றவர்களை டால்பின் இல்லாமல் அதே கடலில் பவளப்பாறைகளுக்கு மேல் நீந்தவும் விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து டால்பின் குழுவினர் நன்றாகவே தேறியிருந்தார்கள். இன்னொரு குழுவும் ஓரளவு தேறியிருந்தது. சின்ன ஆய்வு. யார் எந்தக் குழு என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் எதிர்பார்ப்பை விலக்க முடியாது. பெரியவர்கள், மனச்சோர்வு. ஏழு வயதுப் பையனின் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஒரு விலங்கின் பக்கத்தில் இருப்பதே மனிதனுக்கு ஏதோ செய்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். எனக்கே நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கடலில் ஒரு நாளைக்குப் பல பத்துக் கிலோமீட்டர் நீந்துகிற உயிரை நாலு சுவருக்குள் வைத்து, இறந்த மீனைக் காட்டி வேலை வாங்குகிறார்கள். அது சிரிக்கிற மாதிரி இருக்கிறதே என்பீர்கள். அது தாடையின் அமைப்பு. வலித்தாலும் அதே முகம்தான், செத்தாலும் அதே முகம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைக்கப் பல்கேரியாவில் இருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள், அவை சில மாதங்களிலேயே இறந்துபோயின. 2013இல் மத்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி கிடையாது என்று அறிவித்துவிட்டது. அதனால்தான் இந்தத் தெரபி எல்லாம் வெளிநாட்டு முகவரியில் வருகிறது.

இதையெல்லாம் அந்தம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "பேச வைக்கும்னு ஆதாரம் இல்லம்மா. பேச்சுப் பயிற்சிக்கு இருக்கு. இருக்கிறத நிறுத்திட்டு இல்லாததுக்குப் போகாதீங்க" என்றேன். அவர் அழவில்லை. கையேட்டை மடித்துப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவனுக்கு டால்பினே காட்டக் கூடாதா மேடம்? அத மட்டும்தான் அவனுக்குப் பிடிக்கும்" என்று கேட்டார்.

நம் மாவட்டத்திலேயே, ஒரு மணி நேரத் தூரத்தில், மன்னார் வளைகுடாவில் டால்பின் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கடற்கரையில் இருப்பவர்கள் ஓங்கில் என்பார்கள், சில ஊர்களில் ஓங்கல். அவர் ஊர் உள்ளே, பரமக்குடிப் பக்கம். கடல் என்றால் ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போனது மட்டும்தான்.

"காட்டலாம். ஆனா பிடிச்சு வச்சுக் காட்டுறது இல்ல. அது இருக்கிற இடத்துக்கு நாம விருந்தாளியாப் போறது" என்றேன்.

விருந்தாளி என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இலங்கையில் கல்பிட்டிக்குப் போயிருந்தேன். அங்கே ஆழ்கடல் கரைக்கு அருகிலேயே வருவதால் ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். தண்ணீரை விட்டு எகிறி, பம்பரம் மாதிரி சுற்றி விழும். முதல் இரண்டு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. மூன்றாவது நிமிடம் சுற்றிப் பார்த்தேன். எங்களைச் சுற்றி இருபது படகாவது இருந்திருக்கும். கூட்டம் வலது பக்கம் திரும்பினால் இருபது படகும் வலது பக்கம். இடது என்றால் இடது. ஒரு தாயும் குட்டியும் இரண்டு படகுக்கு நடுவில் மாட்டி, முங்கி, ரொம்ப நேரம் கழித்துத் தூரத்தில் எழுந்தன. வார்டு ரவுண்ட்ஸில் ஒரே நோயாளியைச் சுற்றி முப்பது மாணவர்கள் நின்று, ஆளாளுக்கு வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. படகோட்டிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் கொண்டு போகாவிட்டால் காசு கொடுத்தவன் திட்டுகிறான்.

ஸ்பின்னர் டால்பின் இரவில்தான் ஆழ்கடலில் வேட்டையாடும். பகலில் கரையோரம் வந்து ஓய்வெடுக்கும். அதாவது நாம் போய்த் துரத்துவது நைட் டியூட்டி முடித்துத் தூங்க வந்தவரை. இதனால்தான் ஹவாயில் 2021இல் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: ஸ்பின்னர் டால்பின்களிடம் இருந்து 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நீந்தியும் போகக் கூடாது, படகிலும் போகக் கூடாது. நியூசிலாந்தில் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் டால்பின்களோடு நீந்துவது பெரிய சுற்றுலாத் தொழிலாக இருந்தது. இருபது வருடத்தில் அங்கே வரும் டால்பின்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் 2019இல் நீச்சலையே நிறுத்திவிட்டார்கள். கூட நீந்தியவர்கள் யாரும் அவற்றை வெறுத்துப் போனவர்கள் இல்லை. ஆசையாகப் போனவர்கள்தான். ஆளுக்கு ஆள் விளையாடி விளையாடி, அவற்றுக்குச் சாப்பிடவும் தூங்கவும் குட்டிக்குப் பால் கொடுக்கவும் நேரம் இல்லாமல் போனது.

மங்கி மியா கதை இதைவிட நுணுக்கமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்கிற இடத்தில் உள்ள கடற்கரை அது. 1960களில் மீனவர்கள் மீனை நீட்ட, காட்டு டால்பின்கள் முழங்கால் அளவு தண்ணீருக்கே வரத் தொடங்கின. பிறகு ஊரே வந்து ஊட்டியது. அப்புறம் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஊட்டப்பட்ட தாய்களின் குட்டிகள் மற்ற குட்டிகளைவிட அதிகமாக இறந்துகொண்டிருந்தன. அம்மா கரையில் கைநீட்டி நிற்கும் நேரத்தில் குட்டிக்குப் பாலும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தொண்ணூறுகளில் கறாராக விதி போட்டார்கள். குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், அளந்து, கொஞ்சம் மீன். தொடக் கூடாது. மனிதர்கள் வரிசையாக நின்று பார்க்கலாம். அதன் பிறகு குட்டிகள் பிழைப்பது கூடியது. நாங்கள் மருந்துக்கு டோஸ் பார்ப்போம் இல்லையா, அன்புக்கும் அங்கே டோஸ் எழுதிவிட்டார்கள்.

சரி, பையனுக்கு வருவோம்.

பாம்பனில் குந்துகாலில் இருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு உண்டு, குருசடைத் தீவுப் பக்கம் போய்வரும். விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய இடம் என்று நினைவு மண்டபம் இருக்கிறதே, அதன் பக்கத்தில். படகு ஓட்டுவது உள்ளூர்க்காரர்கள். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், அவர் அம்மாவுக்குச் சுகர், என்னிடம்தான் பார்க்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். "கூட்டம் இல்லாத நாளா சொல்றேன் டாக்டரம்மா. மொதல் டிரிப்பே வந்துருங்க" என்றார்.

மாசிக் கடைசி. அந்தப் பக்கத்துக் கடல் தட்டு மாதிரி கிடக்கும் நேரம். சோளகக் காற்று ஆரம்பித்துவிட்டால் இந்த மாதிரி பிள்ளையை ஏற்றவே முடியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பொண்ணு, கார், பாலம், லைஃப் ஜாக்கெட், படகு, கடல், திரும்பி வீடு என்று வரிசையாகப் படம் ஒட்டி ஒரு அட்டை செய்து கொடுத்திருந்தார். ஒரு வாரம் தினமும் காட்டிப் பழக்கினார்கள். என்ஜின் சத்தத்துக்குக் காதை அடைக்கிற ஹெட்ஃபோன்.

முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர். பையன் என்ஜின் சத்தத்தில் அலறினான், பாதி வழியில் அம்மாவின் தோளைக் கடித்தான். படகில் இருந்த வேறொரு குடும்பம் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி விடுங்க. கரைக்கு வந்ததும் அந்தம்மா, "எட்டரை லட்சம் குடுத்திருந்தா கண்டிப்பா பாத்துருப்பான்ல மேடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். இந்த முறை நாங்கள் மட்டும். அவன் அப்பாவும் லீவில் வந்திருந்தார்.

தூரத்தில் ஒரு முதுகு தெரிந்ததும் படகோட்டி அண்ணன் வேகத்தைக் குறைத்தார். நேராக அதை நோக்கிப் போகவில்லை. அது போகிற திசைக்குப் பக்கவாட்டாகக் கொஞ்ச தூரம் போய், ரொம்ப முன்னாலேயே என்ஜினை அணைத்தார். பையனின் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போலாம்ணே" என்றார்.

"நாம போனா அது போயிரும் தம்பி. சும்மா கெடந்தா அதுவா வரும். வரலன்னா அதுக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம்."

என்ஜின் நின்றதும்தான் முதல் மாற்றம். பையன் ஹெட்ஃபோனைத் தானே கழற்றினான். படகுப் பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அவன் டால்பினைப் பார்க்கவே இல்லை, கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது.

டால்பின் என்றால் நீங்கள் விசில் மாதிரி கீச் என்று கத்துவதை நினைப்பீர்கள். படகில் இருந்து கேட்பது அது இல்லை. மூச்சு. "ப்பூஃப்" என்று ஒரு வெடிப்பு, உடனே ஒரு இழுப்பு. பக்கத்தில் ஒரு பெரிய ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கும். நாலைந்து கூனல்முதுகு டால்பின்கள், சாம்பல் நிறம், நிதானமாக, படகுக்கு முப்பது நாற்பது மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. இந்த வகை ஸ்பின்னர் மாதிரி எகிறிக் குதிக்காது. கூச்ச சுபாவம். ப்பூஃப். முதுகு. சின்னத் துடுப்பு. காணோம். மறுபடி வேறொரு இடத்தில், ப்பூஃப்.

ஒரு டாக்டராக எனக்கு இந்த மூச்சு பெரிய அதிசயம். நீங்களும் நானும் சும்மா உட்கார்ந்து மூச்சு விடும்போது நுரையீரலில் உள்ள காற்றில் பத்தில் ஒரு பங்கைத்தான் மாற்றுகிறோம். டால்பின் ஒரே மூச்சில் நாலில் மூன்று பங்குக்கு மேல் மாற்றிவிடும், அதுவும் ஒரு நொடிக்குள். தூங்கும்போது நமக்கு மூச்சு தானாக ஓடும். அதற்கு ஒவ்வொரு மூச்சும் யோசித்து எடுப்பது. அதனால் மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும். 1950களில் ஃபுளோரிடாவில் மூளை ஆராய்ச்சிக்காக டால்பின்களுக்கு நம் ஆட்களுக்குப் போடுவது மாதிரி மயக்க மருந்து போட்டார்கள். மயங்கியதும் மூச்சு நின்றது. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. அதற்கு மூச்சு விட விழிப்பு வேண்டும் என்பதே அப்படித்தான் நமக்குத் தெரிய வந்தது. மயக்க மருந்து டாக்டரான என் வகுப்புத் தோழியிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

மூன்றாவது ப்பூஃபுக்குப் பையன் கயிற்றில் இருந்து தலையைத் தூக்கினான். நாலாவதுக்கு எழுந்து நின்றான். அம்மா அவன் லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அவன் கையில் இருந்த ரப்பர் டால்பினைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, உதட்டைக் குவித்து,

"ப்பூ" என்றான்.

வார்த்தை இல்லை. மந்திரம் நடந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அங்கே ஒரு மூச்சு வந்தால் இங்கே ஒரு "ப்பூ". அது வரும்வரை காத்திருந்தான். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு பழகியவர்களுக்கு அந்தக் காத்திருத்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒரு டால்பின் விலகிப் படகுப் பக்கம் வந்து, பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். உளவியலில் இந்த மாதிரி பிரமிப்பைப் பற்றித் தனியாகவே ஆராய்ச்சி நடக்கிறது. நம்மைவிடப் பெரிய, நம் கணக்குக்குள் அடங்காத ஒன்றின் முன் நிற்கும்போது 'நான், என் கவலை' என்பது கொஞ்ச நேரம் சுருங்குகிறது என்கிறார்கள். எனக்கு அன்றைக்குச் சுருங்கியது.

பதினைந்து இருபது நிமிடம்தான். அண்ணன் வாட்சைப் பார்த்து, "போதும், அதுக வேலையப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவை தள்ளிப் போகும்வரை காத்திருந்து என்ஜினைப் போட்டார்.

திரும்பும்போது அவரிடம் பிரேசில் கதையைச் சொன்னேன். அங்கே லகூனா என்கிற ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாக மீனவர்களும் காட்டு டால்பின்களும் கூட்டாக மீன் பிடிக்கிறார்கள். டால்பின்கள் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டி வரும். சட்டென்று முங்கி ஒரு சாடை காட்டும். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்பவர்கள் அந்தச் சாடைக்கு வீச்சுவலையை எறிவார்கள். கலைந்து ஓடும் மீன் டால்பினுக்கு. யாரும் பழக்கியது இல்லை, யாரும் தீனி போடுவதும் இல்லை. இரண்டு தரப்புக்கும் உண்மையிலேயே லாபம் என்று 2023இல் ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள்.

"இங்கயும் மடவைய வெரட்டிக்கிட்டுத்தான் வரும் டாக்டரம்மா. நமக்குக் கூட்டு இல்ல, போட்டிதான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வலையில மாட்டுனா வலைய அறுத்துத்தான் விடணும். வலை போச்சேன்னு வயிறு எரியும். ஆனா அது மூச்சு வாங்குறது மனுசன் வாங்குற மாதிரியே கேக்கும். கை தானா கத்திக்குப் போயிரும்" என்றார். எல்லா நேரமும் அப்படிச் சரியான நேரத்துக்கு ஆள் இருப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் டால்பின்களை அதிகம் கொல்வது செவுள் வலைகள்தான். தண்ணீருக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாது, அவ்வளவுதான்.

கரைக்கு வந்து தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மாவிடம் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். டால்பினைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

"இவ்ளோ நேரம் யாருமே எங்களப் பாக்கல மேடம். எல்லாரும் கடலத்தான் பாத்தாங்க."

அவன் பிறந்ததில் இருந்து பேருந்தில், கல்யாண வீட்டில், கோயில் வரிசையில் எத்தனை கண்கள் அவர் மேல் விழுந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினாராம். மறுநாள் போன் பண்ணி அதைத்தான் முதலில் சொன்னார்.

இனி கணக்கு. அந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர்கள் போகவில்லை. நகை வீட்டில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியை வாரம் இரண்டு நாளில் இருந்து மூன்று நாளாக்கினார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், அதில் பயிற்சிக் கட்டணமும் வரும். அது அவர்களுக்குத் தெரியாது, பதிய வைத்தேன். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருந்தால் சொல்லுங்க, நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

பயிற்சி கொடுக்கும் பொண்ணு கெட்டிக்காரி. அந்த "ப்பூ"வைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு முறை, அவன் ஒரு முறை என்று மாற்றி மாற்றிச் சொல்லும் விளையாட்டாக்கினார். அதில் இருந்து "பூ", அப்புறம் "பால்". இப்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறான், "பால் வேணும்", "டாக்டர் வேணாம்". இதை நான் டால்பின் கணக்கில் எழுதத் தயாரில்லை. அதே மாதங்களில் வாரம் மூன்று நாள் பயிற்சி நடந்தது, அப்பா ஊரோடு வந்துவிட்டார், அம்மா தூங்க ஆரம்பித்தார். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழி இல்லை. ஓட்டைத் தரவு என்று மேலே நானே கிண்டல் செய்துவிட்டு இங்கே அதையே செய்தால் நீங்கள் விடுவீர்களா?

ஊசி போடும்போது மட்டும் என்னைப் பார்த்து "ப்பூ" என்பான். நானும் "ப்பூ" என்பேன். கை ஆடாது.

கமெண்டில் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் இங்கேயே: ஆமாம், யார் வேண்டுமானாலும் போகலாம். மாசி, பங்குனியில் காலை முதல் டிரிப் நல்லது. டால்பின் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், உறுதி தருகிறவரின் படகில் ஏறாதீர்கள். துரத்தச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள், பக்கத்தில் போகாததற்காகவே அவருக்கு ஐம்பது ரூபாய் அதிகம் கொடுங்கள். குட்டி தெரிந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். தண்ணீரில் குதிக்கிற வேலை வேண்டாம், இருநூறு கிலோ எடையும் வாய் நிறையப் பல்லும் உள்ள காட்டு விலங்கு அது. ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால் படம் ஒட்டிய அட்டையும் ஹெட்ஃபோனும் கட்டாயம், முதல் தடவை சொதப்பினால் மனசை விடாதீங்க. பிஸ்கட் பாக்கெட், முறுக்கு எல்லாம் காரிலேயே இருக்கட்டும்.